கடலைன்னு எழுதுனான், ரெண்டு கிலோ நிலக்கடலை வந்து எறங்கிருச்சு

என் பையனுக்கு இப்ப பத்து வயசு, பொண்ணுக்கு ஆறு. மூணு வருஷத்துக்கு முன்னாடி சென்னையில இருந்து செட்டிநாட்டுல பள்ளத்தூர் பக்கத்துல எங்க வீட்டுக்காரரோட ஊருக்கே வந்துட்டோம், அவருக்கு மட்டும் வேலை இன்னும் அங்கதான், மாசத்துக்கு ரெண்டு தடவை பல்லவன் ரயில்ல வந்து இறங்குவாரு. வந்த புதுசுல எனக்கு இருந்த பெரிய தலைவலி பையனோட எழுத்துதான். வாயால பேசச் சொன்னா மூச்சு விடாம பேசுவான், பென்சிலைக் கையில குடுத்தோம்னா கை வலிக்கும், வயிறு வலிக்கும், ஒண்ணுக்கு வரும். ஸ்கூல்ல பசுவைப் பத்திப் பத்து வரி எழுதிட்டு வரச் சொல்லிருந்தாங்க. "பசு ஒரு வீட்டு விலங்கு. பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு. பசு பால் தரும்." அவ்வளவுதான், மனப்பாடம். இத்தனைக்கும் எதிர்வீட்டுப் பசு ஒண்ணு தினம் காலையில வந்து எங்க வாசல் மாக்கோலத்தை நக்கிட்டுப் போகும், அதைப் பாத்து இவன் விழுந்து விழுந்து சிரிப்பான், அப்பத்தாகிட்ட ஓடிப் போயிச் சொல்லுவான், நோட்டுல மட்டும் அந்தப் பசுவைக் காணோம்.

நானும் எல்லாரும் செய்யுற தப்பையெல்லாம் வரிசையா செஞ்சேன். முதல்ல ரெட்டைக்கோடு நோட்டு ஒரு டஜன் வாங்கி தினம் ரெண்டு பக்கம் பாத்து எழுதச் சொன்னேன், கையெழுத்து கொஞ்சம் நேராச்சு, ஆனா என்ன எழுதுறோம்னே தெரியாம எழுதிக்கிட்டு இருந்தான். அடுத்து ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபான்னு சொன்னேன், எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைஸுக்கு வந்துருச்சு, ஒரு பக்கத்துல ஆறு வரிதான். டைரி வாங்கிக் குடுத்தேன், 'எழுந்தேன், பல் விளக்கினேன், ஸ்கூல் போனேன், தூங்கினேன்', மறுநாள் 'அதேதான்'ன்னு எழுதி கீழ ஒரு கோடு. நியாயமாப் பாத்தா அவன் சொல்றதும் சரிதானே, யாருக்காக எழுதணும் அதை, நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன் அவன் பல்லு விளக்குறதை.

அந்த வருஷம் என் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. நான் அயித்தைன்னு கூப்பிடுவேன். வீட்டுக்குப் பலசரக்குச் சிட்டை எப்பவும் அவங்கதான் எழுதுவாங்க, அதுல நான் கூட கை வைக்க முடியாது. கொஞ்ச நாளைக்குக் கண்ணைச் சிரமப்படுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால பட்டாலையில தூணைப் புடிச்சு உக்காந்துக்கிட்டு பேரனைக் கூப்பிட்டாங்க. "ராசா, அப்பத்தா சொல்லச் சொல்ல எழுதுடா." இவனும் எழுதுனான், பதினெட்டு சாமான். நடுவுல 'கடலைப்பருப்பு ரெண்டு கிலோ' வந்திருக்கு, கை வலிச்சிருக்கும் போல, 'கடலை 2 கிலோ'ன்னு முடிச்சுட்டான். கடைக்காரத் தம்பி ரெண்டு கிலோ நிலக்கடலையைக் கட்டி அனுப்பிச்சுட்டாரு. அதுவும் தோலோட.

அயித்தை திட்டல. "சரி, எழுதுனது நீ, இனி அவிச்சுத் தின்னு தீக்கிறதும் நீதான்"னு மட்டும் சொன்னாங்க. ஒரு வாரம் சாயங்காலம் அவிச்ச கடலைதான், அடுத்த வாரம் வறுத்த கடலை. நான் ஆறு மாசமா சிவப்பு பேனாவுல சுழிச்சுச் சுழிச்சுக் காட்டியும் ஏறாதது அந்த ரெண்டு கிலோவுல ஏறிருச்சு. அடுத்த சிட்டையில அவனாவே 'உளுந்து (வெள்ளை, முழுசு, தோல் இல்லாதது)'ன்னு எழுதியிருந்தான், அடைப்புக்குறி யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அப்பதான் எனக்கு உறைச்சது. இவனுக்கு எழுத்து பிடிக்காம இல்ல, எழுதுனதை யாரும் படிச்சு எதுவும் செய்யாததுதான் பிடிக்கல. அதுக்கப்புறம் நோட்டுப் புத்தகத்தை ஓரமா வச்சுட்டு, வீட்டுல எழுத்தால நடக்குற வேலை என்னென்ன இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். செட்டிநாட்டு வீட்டுல அதுக்குப் பஞ்சமே இல்ல, இங்க எல்லாத்துக்கும் ஒரு சிட்டை உண்டு. பொங்கப் பானை வாங்குனதுல இருந்து சீர் வச்ச பாத்திரம் வரைக்கும் எழுதி வச்சிருப்பாங்க. கல்யாணத்துல இசைகுடிமானம்னு ஒரு ஒப்பந்தம் எழுதிதான் கல்யாணமே பதிவாகும்.

சிட்டைக்கு அடுத்து சமையல் குறிப்பு. அயித்தைகிட்ட வெள்ளைப் பணியாரம் எப்படின்னு பையன் கேட்டு எழுதணும், எழுதுனதை மட்டும் பாத்து நான் செய்யணும், வாயால எதுவும் கேக்கக் கூடாது, இதுதான் ஆட்டம். அவன் எழுதுனது: 'ஒரு டம்ளர் பச்சரிசி, உளுந்து, ஊற வை, அரை, சுடு'. நான் ஒரு டம்ளர் பச்சரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்தைப் போட்டேன், அஞ்சு நிமிஷம் ஊற வச்சேன், மிக்ஸியில போட்டேன், அது கடகடன்னு கத்துச்சு. "அம்மா, அவ்வளவு உளுந்து இல்ல!" "நீ எழுதலையே." "ரெண்டு மணி நேரம் ஊறணும்!" "அதையும் எழுதலையே." கோவத்துல பேப்பரைப் பிடுங்கிட்டுப் போயி அப்பத்தாகிட்ட திரும்பக் கேட்டான். டம்ளர்ல பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பி அது மேலேயே உளுந்தைக் கோபுரமா வைக்கணும், எவ்வளவு நிக்குதோ அவ்வளவுதான் உளுந்து, அதுதான் அளவு. இதை எப்படி எழுதுறதுன்னு அரை மணி நேரம் யோசிச்சான், கடைசியில 'உளுந்து சரிய ஆரம்பிக்கும்போது நிறுத்து'ன்னு எழுதுனான். இந்த ஒரு வரியை எழுத எனக்கே வந்திருக்காது.

இதை செஞ்சு பாக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், முதல் தடவை பணியாரம் மாதிரி எண்ணெய் காயுற விஷயத்தை எடுக்காதீங்க, நன்னாரி சர்பத், எலுமிச்சை ஜூஸ், இல்ல செருப்புக்கு வார் மாட்டுறதுன்னு ஆரம்பிங்க. அப்புறம் நீங்க நடிக்காம எழுதுனதை எழுதுனபடியே செய்யணும், பாவம் பிள்ளைன்னு நீங்களே உப்பைப் போட்டுட்டீங்கன்னா ஆட்டம் போச்சு.

அடுத்து லெட்டர். இதுல நான் ரொம்ப நேரம் நிப்பேன், ஏன்னா எங்க வீட்டுல அதிகம் வேலை செஞ்சது இதுதான், சொதப்புனதும் இதுலதான்.

எங்க வீடு பெரிய வீடுதான், ஆனா பங்காளிக எல்லாருக்கும் பொது, எங்க புள்ளிக்கு, அதாவது எங்க குடும்பத்துக்கு, வளவுல, உள்முற்றத்தைச் சுத்தி இருக்குற அறைகள்ல, ஒரு அறை. அந்த அறையில ஒரு பெட்டகம் இருக்கு. ஒரு நாள் பூச்சி மருந்து வைக்கிறதுக்காக அதைத் தொறந்தப்ப அடியில ஒரு கட்டு லெட்டர், மாமனாரோட அப்பா ரங்கூனுக்குக் கொண்டு விக்க, அதாவது தொழில் பண்ணப் போயிருந்தப்ப வீட்டுக்கு எழுதுனது. பையன் ஒண்ணை எடுத்துப் படிக்கப் பாத்தான், முடியல. "அம்மா இது தமிழா?" தமிழ்தான், ஆனா மேல பிள்ளையார் சுழி, பக்கத்துல ௵ அப்புறம் ௴ அப்புறம் ௳, புள்ளியே இல்லாத மெய்யெழுத்து, 'லை' 'ணை'யெல்லாம் தும்பிக்கை வச்ச பழைய எழுத்து. 1978-ல அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வர்ற வரைக்கும் பாடப் புத்தகத்துலயும் அந்தத் தும்பிக்கைதான், என் அம்மா காலத்து ஆளுக இன்னும் சில பேரு அப்படியே எழுதுறாங்க.

அயித்தை ஒவ்வொண்ணா சொன்னாங்க, ௵ன்னா வருஷம், ௴ன்னா மாசம், ௳ன்னா தேதி, ௹ன்னா ரூபா, ௸ன்னா மேற்படி. எண்ணெல்லாம் எழுத்தா இருக்கு, க மாதிரி இருக்குறது ஒண்ணு, உ மாதிரி இருக்குறது ரெண்டு, ச மாதிரி இருக்குறது நாலு. பையனுக்குக் கண்ணு விரிஞ்சுருச்சு, அவனுக்கு அது ரகசிய பாஷை. ஒரு வாரம் வீடு முழுக்க அந்தக் குறியீடுதான், ஃப்ரிட்ஜ்ல, காலண்டர்ல, தங்கச்சியோட சிலேட்டுல. தங்கச்சி சாக்லெட்டை எடுத்ததுக்கு '௸யாள் ௹ ௫ தர வேண்டும்'ன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தான்.

நான் அந்தச் சூட்டோட ஒரு டஜன் இன்லேண்ட் லெட்டர் வாங்கிட்டு வந்தேன், ஒண்ணு ரெண்டரை ரூபாதான். அப்பாவுக்கு வாரம் ஒரு லெட்டர். முதல் லெட்டர்ல மூணு பக்கமும் நிறைச்சு எழுதுனான், மழை பேஞ்சப்ப முற்றத்துல தண்ணி நின்னது, அதுல தவளை வந்தது, அப்பத்தா தவளைக்குப் பயந்து கட்டில்ல ஏறுனது எல்லாம். எங்க வீட்டுக்காரரு உடனே பதில் போட்டாரு, நல்ல மனுசன்தான், ஆனா பதில்ல முதல் பத்தியே "தவளை என்பதில் ள வர வேண்டும், நீ ல போட்டிருக்கிறாய். மொத்தம் 14 பிழைகள்". லிஸ்ட் வேற. பையன் படிச்சுட்டு மடிச்சு வச்சுட்டான். அடுத்த வாரம் எழுதல, அதுக்கடுத்த வாரமும் எழுதல. மூணாவது வாரம் நான் கேட்டதுக்கு, "தவளை எப்படி இருந்துச்சுன்னு அப்பா கேக்கவே இல்லையே"ன்னான்.

அன்னைக்கு ராத்திரி போன்ல அவரை ஒரு பிடி பிடிச்சேன். அதுக்கப்புறம் அவரு எழுதுன லெட்டர்ல தவளையைப் பத்தி ஏழு கேள்வி இருந்துச்சு, தான் சின்ன வயசுல இதே முற்றத்துல வழுக்கி விழுந்து பல்லு ஒடஞ்ச கதை இருந்துச்சு, நடுவுல 'தவளை'ங்கிற வார்த்தை ஒரு எட்டு தடவை சரியா எழுதியிருந்தாரு. திருத்தல, சும்மா எழுதியிருந்தாரு. அடுத்த லெட்டர்ல பையன் சரியாவே 'ள' போட்டிருந்தான். எங்க வீட்டுல அதுல இருந்து இதுதான் சட்டம், லெட்டர்ல பிழை பாக்கக் கூடாது, பதில் லெட்டர்ல அந்த வார்த்தையைச் சரியா எழுதிட்டாப் போதும். ஸ்கூல் நோட்டுல டீச்சர் திருத்துவாங்க, அது அவங்க வேலை.

ரங்கூன் லெட்டருக்கே திரும்ப வர்றேன். கட்டுல கடைசி லெட்டர் 1941 ஐப்பசி மாசத்தது. "அதுக்கப்புறம் ஏன் எழுதல?"ன்னு பையன் கேட்டான். அந்த வருஷம் டிசம்பர்ல ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டான், இருந்தவங்க எல்லாம் கெடச்ச வழியில கெளம்பிட்டாங்க, கப்பல் கெடைக்காதவங்க காடு மலைன்னு நடந்து வந்தாங்க, இவரு அரக்கான் வழியா சிட்டகாங் வந்து அங்க இருந்து ஊரு வந்து சேர்ந்தாருன்னு அயித்தை சொல்லக் கேட்டிருக்கேன். நடந்துக்கிட்டு இருக்கறவரு எங்க உக்காந்து லெட்டர் எழுதுறது. பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அவரு எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பாரு"ன்னான். நீயே எழுதேன்னு சொன்னேன். பெட்டகத்துப் பக்கத்துல தரையில குப்புறப் படுத்துக்கிட்டு எழுதுனான். பெரிய இலக்கியமெல்லாம் இல்ல. 'நலம். நலமறிய அவா. செருப்பு பிய்ந்துவிட்டது. கணக்குப் புஸ்தகத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். அப்பத்தாவை அழ வேண்டாம் என்று சொல்லவும்' அப்படின்னு எட்டு வரி. அயித்தைக்குப் படிச்சுக் காட்டுனப்ப கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டாங்க, "கணக்குப் புஸ்தகம் வச்சிருந்தாருன்னு உனக்கு யாருடா சொன்னது"ன்னு கேட்டாங்க. யாரும் சொல்லல. பழைய லெட்டர் பூராவும் கணக்கு கணக்குன்னுதானே இருக்கு, அதைப் படிச்சவனுக்குத் தெரியாதா.

எல்லார் வீட்டுலயும் ரங்கூன் லெட்டர் இருக்காது, எனக்குத் தெரியும். ஆனா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை, தாத்தாவோட ரேஷன் கார்டு, பின்னாடி ஏதோ கிறுக்குன போட்டோ ஏதாவது ஒண்ணு இருக்கும். கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர் இருந்தாரு, போர்டு எழுதுற வேலை, புத்தகம் பத்திரிகை நோட்டீஸ் எல்லாத்தையும் சேத்து வீடு நெறைய அடுக்கி வச்சிருந்தாரு, 1992-ல அவரு காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-ல சென்னையில அவரு பேர்லயே ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. இந்தக் கதையைச் சொன்னதுல இருந்து எங்க வீட்டுல ஒரு அட்டைப் பெட்டி நெறைய பஸ் டிக்கெட், பொதுக்கூட்ட நோட்டீஸ், பிஸ்கட் கவரு. ஒவ்வொண்ணையும் ஒட்டி கீழ ரெண்டு வரி எழுதணும், எங்க கெடச்சது, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு. இது பாதி குப்பைதான், ஆனா எழுதுறான், நான் ஒண்ணும் சொல்றதில்ல.

தரையில இருக்குற ஆத்தங்குடி கல்லை (டைல்ஸ்தான்) வச்சு ஒரு ஆட்டம் உண்டு. ஒருத்தர் ஒரு கல்லைப் பாத்து அதுல இருக்குற பூவை எழுத்தால விவரிக்கணும், படம் போடக் கூடாது, இன்னொருத்தர் அந்தப் பேப்பரை மட்டும் படிச்சு வரையணும். 'அழகான பூ, கலர் கலரா இருக்கும்'ன்னு எழுதுனா என்ன வரும், எதுவேணா வரும். மதுரையில இருந்து வந்த என் அண்ணன் மகள் அதைப் படிச்சுட்டு ரோஜாப்பூ வரைஞ்சு வச்சா, கல்லுல இருந்தது எட்டு இதழ் நட்சத்திரம். 'அழகான'ங்கிற வார்த்தைக்கு வேலையே இல்லைன்னு அன்னைக்குப் பையனுக்குத் தெரிஞ்சது. அப்புறம் ஒரு லீவு நாள் ஆத்தங்குடிக்கே கூட்டிட்டுப் போயி கல்லு போடுறதைக் காட்டுனேன். கண்ணாடியைக் கீழ வச்சு, அது மேல அச்சை வச்சு, கலரை ஊத்தி, அச்சை எடுத்துட்டு, மேல சிமெண்டும் மணலும் போட்டுத் தட்டி, காய வச்சு, தண்ணியில ஊறப் போட்டு எடுக்குறாங்க, கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளன்னு மேல் பக்கமாகுது. அங்க நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், அந்த அண்ணன் கையை மட்டும் பாரு, கை என்னென்ன செய்யுதோ அதை மட்டும் எழுது. ஊத்துறாரு, தட்டுறாரு, வழிக்கிறாரு, தூவுறாரு, தேய்க்கிறாருன்னு ஒரு பக்கம். அவன் எழுதுனதுலயே எனக்குப் புடிச்ச பக்கம் அதுதான்.

சின்னவ கதை வேற. அவளுக்கு எழுத வேண்டிய வயசு இல்ல, விளையாடுற வயசு. முற்றத்துல கல்லு தளத்துல தண்ணியைத் தொட்டு எழுதுவா, வெயில்ல காஞ்சு போகும், திரும்ப எழுதுவா, தப்பே நிக்காது. காலையில என்கூட கோலம் போட உக்காருவா, ரெண்டு விரலால மாவைக் கிள்ளி விடுறது கிட்டத்தட்ட பென்சில் பிடிக்கிற மாதிரிதான், கை பழகுது. சில எழுத்தைக் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போடுறா, இந்த வயசுல சகஜம், அதுக்காக யாரும் பிள்ளையை உலுக்காதீங்க. அவ சொல்ற கதையை நான் எழுதுவேன், அவ சொன்ன வார்த்தையிலயே, நானா அழகுபடுத்த மாட்டேன், ராத்திரி அதையே படிச்சுக் காட்டுவேன். தான் சொன்னது பேப்பர்ல இருந்து திரும்ப வருதுன்னு அவளுக்கு ஒரே பெருமை.

பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் பிரச்சினை பத்தி நெறைய பேரு கேப்பாங்க. பிள்ளை 'வந்துச்சு'ன்னு எழுதுனா டீச்சர் அடிச்சுட்டு 'வந்தது'ன்னு போடுவாங்க, அவங்க மேல தப்பில்ல. ஆனா முதல் தடவை எழுதுறப்பவே 'வந்தது'ன்னு எழுதணும்னா பிள்ளை யோசிக்கிறது பூரா அதுலயே போயிடும், சொல்ல வந்தது மறந்துரும், 'பசுவுக்கு நான்கு கால்கள்'தான் மிஞ்சும். நான் வீட்டுச் சட்டை, ஸ்கூல் சட்டைன்னு சொல்லி வச்சிருக்கேன். முதல்ல வீட்டுச் சட்டையில எழுது, எப்படிப் பேசுறியோ அப்படியே, வரலைன்னா என் போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணு, அதைக் கேட்டு எழுது. அப்புறம் ஸ்கூலுக்குக் குடுக்குறதா இருந்தா மட்டும் சட்டையை மாத்து, 'போயிட்டு வந்தோம்'ங்கிறது 'சென்று வந்தோம்' ஆகட்டும். மாத்துறது அவனுக்கு இப்ப விளையாட்டு. இந்த வருஷம் திரும்ப ஒரு தடவை பசு வந்துச்சு, 'எங்கள் எதிர்வீட்டுப் பசு தினமும் எங்கள் கோலத்தைத் தின்றுவிட்டுச் செல்கிறது. என் அப்பத்தா அதற்கு லட்சுமி என்று பெயர் வைத்துத் திட்டுவார்'ன்னு எழுதிட்டுப் போனான். டீச்சர் நோட்டுல ஒரு சிரிப்பு படம் போட்டிருந்தாங்க.

விசேஷ வீடுகள்ல மொய் எழுதுற எடத்துலயும் அவனை உக்கார வைக்கிறேன், பெரியவங்க பக்கத்துல, ரெண்டாவது நோட்டு அவன் எழுதுவான். நம்ம ஊரு இனிஷியல் தெரியுமில்ல, ஒத்தை எழுத்தெல்லாம் கிடையாது, 'பழ.', 'சித.', 'ராம.', அதுலயும் மூணு நாலு அடுக்கு. ஒரு எழுத்து மாறுனா ஆயிரம் ரூபா இன்னொரு வீட்டுக் கணக்குல ஏறிரும், நாளைக்குத் திருப்பிச் செய்யுறப்ப சண்டை. கையெழுத்துக்கு நான் தனியா கிளாஸ் அனுப்பல, இதுவே போதும்னு விட்டுட்டேன்.

போன மாசம் நடந்தது ஒண்ணு. அயித்தைக்கு ரெண்டாவது கண்ணுலயும் ஆபரேஷன் முடிஞ்சுச்சு. தேவகோட்டையில இருக்குற அவங்க தங்கச்சிக்கு லெட்டர் எழுதச் சொல்லி பேரன்கிட்ட சொன்னாங்க. போன் இருக்கே அப்பத்தான்னான். "போன்ல பேசுனா அவ அழுவா, நீ எழுது"ன்னாங்க. 'ஆபரேஷன் சுகமாக முடிந்தது, ஒன்றும் பயமில்லை, நீ அலைந்து கொண்டு வர வேண்டாம்'ன்னு அவங்க சொல்லச் சொல்ல எழுதி, ஒட்டி, அவனே போயி பெட்டியில போட்டுட்டு வந்தான். நாலாம் நாள் காலையில வாசல்ல ஆட்டோ, சின்ன அப்பத்தா கையில ஒரு ஓலைக் கொட்டான் நெறைய மணகோலம் பலகாரத்தோட வந்து எறங்குறாங்க. லெட்டர்ல அடியில பேரன் தன் பங்குக்கு ஒரு வரி சேத்திருக்கான்: 'அப்பத்தா பயந்தார்கள். முதல் நாள் ராத்திரி தூங்கவே இல்லை. உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இதை நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.'

அயித்தை ஒரு கையால தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால அவனை அடிக்க ஓங்குனாங்க. அவன் தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, "நீங்க எழுதக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே அப்பத்தா"ங்கிறான்.